நோன்பில் ஆறிய புண்

சூடானில், வெள்ளை நைல் கரையில், கோஸ்தித் துறைமுகத்தில் எண்ணெய்க் கிடங்கின் வாசலில் தாடி நரைக்கும் முன்பிருந்தே நிற்கிறேன். என் வேலை தடவிப் பார்ப்பது. உள்ளே போகிறவன் எவனாக இருந்தாலும் சட்டைப் பை, இடுப்பு, தலைப்பாகை மடிப்பு எல்லாவற்றையும் தடவுவேன். தீப்பெட்டியோ சிகரெட்டோ அகப்பட்டால் பிடுங்கி வைத்துக்கொள்வேன். மேனேஜரையும் விட்டதில்லை. ஒரு பொறி விழுந்தால் கிடங்கும் போய்விடும், கரையில் கட்டியிருக்கும் எண்ணெய்ப் படகுகளும் போய்விடும், பாதி ஊரும் போய்விடும்.

அதனால் எங்கள் கிடங்கில் புகை பிடிக்கிறவன் கிடையாது. எல்லோரும் தும்பாக் ஆட்கள். புகையிலைத் தூளில் உவர் உப்பைப் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து ஊற வைத்த ஈரப்பொடி அது. விரல் நுனியில் உருண்டையாக்கிக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொண்டால் தீயும் இல்லை, புகையும் இல்லை, மேனேஜருக்குக் கவலையும் இல்லை. தடவும்போது என் கையில் தட்டுப்பட்ட தும்பாக் டப்பிகளுக்குக் கணக்கில்லை. ஒன்றைக்கூட நான் எடுத்து வைத்ததில்லை. என் பையிலேயே ஒன்று இருக்கும்போது மற்றவனுடையதை எப்படிப் பிடுங்குவது?

என் தங்கை சித்தானாவின் புருஷன் கரார் அதே கிடங்கில் பம்ப் ஓட்டுகிறவன். ஆள் பெரிய உடம்பு. குரல் அதைவிடப் பெரிது. ரமலான் மாதத்தில் சாயங்காலம் எங்கள் தெருவில் பாய்களை விரித்து, வீட்டுக்கு வீடு ஆண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்து உட்கார்ந்து நோன்பு திறப்போம். அந்தப் பாய்க்குக் கரார்தான் சுல்தான். பாங்கு சொல்லும் நேரத்தில் சாலையில் போகிற லாரியை நடுவில் நின்று மறிப்பான். போயே ஆகவேண்டும் என்று டிரைவர் எத்தனை சத்தியம் செய்தாலும் விடமாட்டான்.

“எறங்குப்பா! உன் வீட்டுக் களி நாளைக்கும் இருக்கும். எங்க தெருவைத் தாண்டிப் பசியோட ஒருத்தன் போனான்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது!”

இறக்கி, தோளை அழுத்தி உட்கார வைத்து, தன் தட்டையே அவன் முன்னால் தள்ளுவான். ஒரே தட்டில் எட்டுக் கை. அதுதான் அவனுக்குச் சந்தோஷம்.

அந்த வருடம் ரமலான் கடும் வெயிலில் வந்தது. பிறை தெரிவதற்கு முந்தின வாரம் சித்தானா என் வீட்டுக்கு வந்தாள். உடம்பில் சுற்றியிருந்த தோப் துணியின் முந்தானையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். தொடவில்லை.

“அண்ணே, அவரு வாயில ஒரு புண்ணு இருக்கு.”

“யாருக்குத்தான் இல்ல? பொடி போடுறவன் வாயி எல்லாமே வெந்துதான் கெடக்கும்.”

“இது அப்படி இல்ல. ஒரு பக்கமாவே மெல்லுறாரு. தலவாணி உறையில ரத்தம். கேட்டா, பல்லு குத்திடுச்சுங்கறாரு. நாலு மாசமாவா ஒரு பல்லு குத்தும்?”

“சரி, நான் என்ன பண்ணணும்?”

“கார்த்தூமுக்குக் கூட்டிட்டுப் போ. நீ சொன்னாத்தான் கேப்பாரு.”

நான் டாக்டர்களை நம்புகிறவன் இல்லை. என் பெரியப்பா மகன் கண் வலி என்று போனான். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இன்னொன்றும் ஊரில் சொல்வார்கள்: அந்த நோய் இருக்கிற இடத்தில் கத்தி, ஊசி என்று இரும்பு பட்டால் அது கோபம் கொண்டு உடம்பு முழுக்க ஓடிவிடும் என்று. அந்த நோய் என்றால் அந்த நோய்தான். அதன் பெயரை எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்வதில்லை. பார்க்கிறேன் என்று சொல்லித் தங்கையை அனுப்பினேன்.

மறுநாள் கிடங்கு வாசலில் கராரைத் தடவும்போதே கேட்டேன்.

“வாயில என்னடா?”

“உன் தங்கச்சி சொன்னாளா? அவளுக்குக் கொசு கடிச்சாலும் கார்த்தூம்தான்.”

“திற, பாப்போம்.”

“மச்சான், உன் வேலை பையைத் தடவுறது. பல்லை எண்ணுறது இல்ல.” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது இடதுபக்க உதடு மேலே ஏறவில்லை. அதைப் பார்த்தேன்.

நோன்பு தொடங்கியது. பகலில் டப்பியைத் தொடக்கூடாது. தண்ணீர் இல்லாததைக்கூடத் தாங்கிவிடலாம், தும்பாக் இல்லாத பகலைத் தாங்குவது பெரும் பாடு. கிடங்கில் எல்லோருக்கும் தலைவலி, எரிச்சல், ஒருத்தன் பார்த்தால் இன்னொருத்தன் அடிக்கப் போவான். ஆனால் கராருக்கு வந்தது தலைவலி இல்லை. உச்சிப் பொழுது தாண்டினால் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு பம்ப் கொட்டகையின் மூலையில் குந்திவிடுவான். காது வரைக்கும் நெருப்புக் கம்பி செருகினாற்போல வலி. கண்ணில் தண்ணீர் தானாக வழியும். அத்தனை பெரிய உடம்பு அப்படிச் சுருண்டு கிடப்பதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம்கூட வேண்டாம் அவனுக்கு. ஒரு மிடறு தண்ணீர், உடனே டப்பி. உருண்டையை அந்தப் புண்ணின் மேலேயே வைத்து அழுத்துவான். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். பிறகு சிரிப்பு, கேலி, தட்டு.

“பாத்தியா மச்சான்?” என்று என்னிடம் உதட்டைத் தட்டிக் காட்டினான். “நோன்புக்கு முன்னால வலியே இல்ல. பகல்ல இது இல்லாததாலதான் வலிக்குது. பழகின வாயி, கோவிச்சுக்குது. வெச்சதும் அடங்கிடுது. அப்போ எது நோய், எது மருந்து? நீயே சொல்லு.”

பக்கத்தில் பக்கீத் உட்கார்ந்திருந்தான். சந்தையில் தும்பாக் பிசைந்து விற்கிறவன். தெருவில் பாதிப் பேர் அவன் கையால் பிசைந்ததைத்தான் வைப்பார்கள். “நான் உனக்குத் தனியாப் பிசைஞ்சு தரேன் கரார். உப்பு கொஞ்சம் தூக்கலா. எந்த வலியும் நிக்காது,” என்றான்.

“உன் பொடியை வெச்சா வலி மட்டுமா ஓடும்? பொண்டாட்டியும் ஓடிடுவா!” என்று ஒருவன் சொல்ல, பாயே குலுங்கியது.

கரார் சொன்ன நியாயம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. வைத்தால் வலி போகிறது, எடுத்தால் வருகிறது. எழுத்தறிவு அதிகம் இல்லாத எனக்கு இதில் என்ன கோளாறு என்று தெரியவில்லை. மரத்துப் போவது வேறு, ஆறுவது வேறு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேனா, தெரியாது.

வலி தாங்காமல் ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் கரார் பள்ளிவாசலில் இமாமின் முன்னால் போய் உட்கார்ந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். இமாம் ஹம்தான் எங்கள் தெருக்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

“மவ்லானா, எனக்குப் பகல்ல மட்டும் தும்பாக் வைக்க அனுமதி வேணும். முழுங்க மாட்டேன். வல்லாஹி, எச்சிலைக்கூட முழுங்க மாட்டேன்.”

இமாம் தாடியைத் தடவினார். “அது நோன்பை முறிக்கும் கரார்.”

“அப்போ நோன்பை விட்டுடலாமா?”

“நோயாளின்னா தாராளமா விடலாம். அல்லாஹ் கஷ்டப்படுத்த விரும்புறவன் இல்ல. நீ நோயாளியா?”

கராரின் கை தாடைப் பக்கம் போயிற்று, பாதியில் இறக்கிக்கொண்டான்.

“நோயாளின்னா வீட்டுல சாப்பிடு, குடி, டாக்டரைப் பாரு. ஆரோக்கியசாலின்னா நோன்பு வை. ரெண்டுல நீ எது? அதை நான் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும்.”

“நான் நோயாளி இல்ல,” என்றான் கரார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

வழியில் அவன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். அவன் மனதில் என்ன ஓடியது என்பது எனக்குத் தெரியும். அவனுடைய தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கும் உதட்டில்தான் தொடங்கியது. பிறகு கன்னத்தில் ஓட்டை விழுந்தது. அது ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவரைப் பொதுத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் அவருக்குத் தனிக் கிண்ணம். கடைசி வரைக்கும் அந்த மனிதர் தனியாகத் தின்றுதான் செத்தார். நோயாளி என்று கரார் தன் வாயால் சொன்னால் தெரு முதலில் செய்யப் போவது அதைத்தான். சாவுக்கு அவன் பயப்படவில்லை. கிண்ணத்துக்குப் பயந்தான்.

ஆனால் வலி அவனைவிடப் பெரிதாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் கொட்டகைத் தூணில் தலையை மோதிக்கொண்டான். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்று மாலை சித்தானா அழுதபோது தலையை ஆட்டிவிட்டான். வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் கார்த்தூம் போவதென்று முடிவாயிற்று. நானும் உடன் போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லி வைத்தேன். சித்தானா துணி மூட்டை கட்டினாள்.

வியாழக்கிழமை கரார் சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்தான்.

“போச்சு மச்சான்! வலியே இல்ல. ராத்திரி தூங்கினேன், காலையில பாத்தா ஆளையே காணோம்.”

மத்தியானமும் வலி வரவில்லை. கொட்டகையில் பாட்டுக்கூடப் பாடினான். சாயங்காலம் பாயில் செய்தி பரவியது. நோன்பு அவனைக் குணப்படுத்திவிட்டது, பட்டினி கெட்ட ரத்தத்தை எரித்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சித்தானா வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டே துஆ செய்தாள். கட்டிய மூட்டையை அவிழ்த்தாள். சனிக்கிழமை பஸ் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போயிற்று.

தானாக வந்து தானாகப் போகிற எதையும் நான் நம்புவதில்லை. மனிதனாக இருந்தாலும் சரி, நோயாக இருந்தாலும் சரி. திங்கட்கிழமை வெயில் உச்சியில் இருக்கும்போது கிடங்கைச் சுற்றி நடந்தேன். பம்ப் கொட்டகையின் பின்சுவரில், காலி டிரம்களுக்குப் பின்னால், தரையோரமாக ஒரு கறுப்புக் கறை. தும்பாக் துப்பின கறை. எங்கள் சுவரெல்லாம் அந்தக் கறைதான், அது அதிசயம் இல்லை. ஆனால் இது ஈரமாக இருந்தது. ரமலான் பகலில், அந்த வெயிலில், ஈரம்.

டிரம்முக்குப் பின்னால் கரார் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கீழுதடு புடைத்திருந்தது.

நான் குனிந்து, எதுவும் சொல்லாமல், அவன் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இழுத்தேன். என் கை மற்றவர்கள் உடம்பைத் தடவிப் பழகின கை. அவன் கண் திறந்தபோது எல்லாம் வெளியே தெரிந்துவிட்டது. கறுப்பு உருண்டை, அதற்கு அடியில் புண். புண் என்றால் நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. ஆற்றோரச் சேறு காய்ந்து வரப்புக் கட்டினாற்போல் சுற்றிலும் மேடாக, கல்லாகத் தடித்து, நடுவில் பள்ளம். ஓரமெல்லாம் வெள்ளை. அழுகின மீனின் நாற்றம் அடித்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

“ஆறிப்போச்சுன்னு சொன்னியேடா.”

அவன் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்தான். “மச்சான், சத்தம் போடாதே. விட்டுப்போன நோன்பையெல்லாம் பெருநாளுக்கு அப்புறம் கணக்கா வெச்சு முடிக்கிறேன். பாவம் என்னோடது. உனக்கு ஒண்ணும் இல்ல.”

“நோன்பு கெடக்கட்டும். இதுல செத்துப்போவே.”

“வெச்சிருந்தா வலிக்கலியே! வலிக்காத புண்ணு எப்படி மச்சான் கொல்லும்?”

“உன் வாப்பாவைக் கொன்னுச்சே?”

அதைச் சொன்னதும் அவன் கையை விட்டான். குரல் இறங்கிவிட்டது. “அதுக்குத்தான் சொல்றேன். என்னைத் தட்டுலேருந்து எடுத்துடுவாங்க. நான் கிண்ணத்துல திங்க மாட்டேன்.”

“நாளைக்கு பஸ். நீ வர்றே. இல்லேன்னா ஊருக்கே சொல்லிடுவேன்.”

“வர்றேன். வல்லாஹி வர்றேன்.”

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் வெயில் ஏறும் வரைக்கும் நின்றேன். அவன் வரவில்லை. கிடங்குக்கு வந்தால், பம்ப் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது.

அன்று சாயங்காலம் பாய் விரித்திருந்தது. களியும் காய்ந்த வெண்டைக்காய்க் குழம்பும் தட்டுகளில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. முளைகட்டின சோளமாவைச் சுட்டு ஊற வைத்த ஹிலு முர் பானம் ஜாடி ஜாடியாக வந்தது. சூரியன் ஆற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது. பாங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கரார் அன்றைக்கும் ஒரு லாரி டிரைவரை இறக்கி உட்கார வைத்திருந்தான். இமாம் ஹம்தான் அந்த டிரைவருக்குக் கதை சொல்லத் தொடங்கினார்.

“இவரைப் பாருங்க தம்பி. வாயில புண்ணு வந்து துடிச்சவரு. நோன்பை விடாம வெச்சாரு. அல்லாஹ் குணமாக்கிட்டான். நோன்பு கேடயம்ங்கறது சும்மா இல்ல.”

டிரைவர் கராரைப் பார்த்து, “மாஷா அல்லாஹ்,” என்றான். கரார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நாலைந்து பேர் அவன் முதுகைத் தட்டினார்கள். கோடியில் உட்கார்ந்திருந்த ஒருவன், தன் மனைவிக்கு மார்பில் கட்டி இருக்கிறது, அவளையும் நோன்பு வைக்கச் சொல்லப் போகிறேன் என்றான்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

“இவன் நோன்பு வைக்கல,” என்றேன்.

இமாம் திரும்பினார். “ஹாஜி தீராப், என்ன சொல்றீங்க?”

“இவனுக்கு ஒண்ணும் குணமாகல. டிரம்முக்குப் பின்னால உக்காந்து பகல்ல தும்பாக் வெக்கிறான். அதுல மரத்துப்போய் வலி தெரியல. உதட்டை இழுத்துப் பாத்தேன். அவன் வாப்பாவுக்கு வந்ததுதான் இவனுக்கும் வந்திருக்கு. நம்பலேன்னா இழுத்துப் பாருங்க.”

கரார் என்னைப் பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், பெயர் எதற்கு, மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டான். எல்லோரும் பார்த்தோம். கராரும் பார்த்தான்.

அப்போதுதான் பாங்கு கேட்டது. கரார் எழுந்து, அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

விடிந்ததும் பஸ்ஸில் இருந்தான். தெருவில் முகம் காட்ட முடியாததால் வந்தான். குணமாக வேண்டும் என்று வரவில்லை. சித்தானா நடுவில் உட்கார்ந்தாள். கார்த்தூம் போய்ச் சேரும் வரைக்கும் அவன் என் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி என்னைத் தடவினான். பையில் டப்பியைத் தொட்டதும் முகம் மலர்ந்தது. “பெரியவரே, சாயங்காலத்துக்கு எனக்கு ஒரு உருண்டை கொடுங்க. என்னோடது தீந்துபோச்சு,” என்றான். நோயாளிகள் வரிசையில் பாதிப் பேருக்கு வாயில் துணி.

உள்ளே ஒரு பெண் டாக்டர். என் பேத்தி வயது இருக்கும். நான் அவளையும் நம்பவில்லை. உறை போட்ட விரலால் உதட்டை இழுத்துப் பார்த்தாள், பிறகு தாடைக்குக் கீழே கழுத்தை அழுத்திப் பார்த்தாள்.

“உருண்டையை எப்பவும் இந்த இடத்துலதான் வைப்பீங்களா மாமா?”

கரார் தலையாட்டினான்.

“மொதல்ல இங்க வெள்ளையா, சுருங்கின தோல் மாதிரி இருந்திருக்குமே?”

“இருந்தது. ரொம்ப வருஷமா.”

“அப்பவே வந்திருந்தா, பொடியை நிறுத்தியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது. சின்னதா ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கணும்.”

“இரும்பு பட்டா பரவும்பாங்களே?” என்று நான் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. “இரும்புக்கு பயந்து லேட்டா வர்றவங்களுக்குத்தான் பரவியிருக்கு பெரியவரே. பரவினதுக்கு அப்புறம் வர்றாங்க, நாங்க இரும்பு வைக்கிறோம், செத்துப்போறாங்க. அதனால இரும்பு கொன்னதா ஊர்ல சொல்றாங்க.”

“ஒட்டிக்குமா இது? ஒரே தட்டுல தின்னா?”

“ஒட்டாது. ஒரே தட்டுல தின்னாலும் ஒட்டாது, ஒரே டம்ளர்ல குடிச்சாலும் ஒட்டாது.” அவள் கராரைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உதட்டில் பாதியும் தாடை எலும்பில் ஒரு துண்டும் எடுத்தார்கள். கழுத்திலும் கீறினார்கள். பிறகு கதிர் வைத்தார்கள். பெருநாள் ஆஸ்பத்திரியில் போயிற்று. நான் ஊருக்கும் கார்த்தூமுக்கும் அலைந்தேன். ஒருநாள் வராந்தாவில் சித்தானா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, நீ சொன்னது சரிதான். ஆனா ஏன் பாயில வெச்சு சொன்னே? என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே.”

“உன்கிட்ட சொல்லியிருந்தா, உன்னையும் ஏமாத்தியிருப்பான்.”

“ஏமாத்தியிருப்பாரு. அப்பவும் என்கிட்ட பேசிட்டாவது இருப்பாரு. இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல.”

பேச முடியாது என்பது வேறு. நாக்கு இருந்தது, குழறினாலும் சொன்னால் புரியும். அவன் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் தலைப்பாகையின் வாலை இழுத்து வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தான். பம்ப் வேறு ஒருவன் ஓட்டினான். டாக்டர் சொன்னதைத் தெருவில் நான் வீடு வீடாகச் சொன்னேன், ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது என்று. தலையாட்டினார்கள். அவனை விசாரிக்க வந்தவர்கள் வீட்டு டீயைக் குடிக்காமல் போனார்கள். முதுகுக்குப் பின்னால் அவர்கள் பேசியது நோயைப் பற்றிக்கூட இல்லை. ரமலான் பகலில் தும்பாக் வைத்தானே, அதற்குக் கிடைத்த கூலி என்றார்கள். பேசினவன் உதட்டுக்குள்ளும் ஒரு உருண்டை இருந்தது.

மறுபடி ரமலான் வந்தது. கரார் இப்போது நோயாளி. அவனுக்கு நோன்பு கடமை இல்லை. அவன் கழுத்தில், கீறின இடத்துக்கு மேலே, புதிதாக ஒரு கட்டி தெரிந்தது. சித்தானா அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாளே பாங்குக்கு முன்னால் அவன் வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளை அங்கி, வாயில் துணி. உடம்பு பாதியாகியிருந்தது. ஒரு கையில் கிண்ணம். கஞ்சி இருக்கும். அவனே கொண்டு வந்தான், யாரும் கொடுக்கவில்லை. பாயின் கோடியில், என்னிடமிருந்து ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். பேச்சு நின்று பிறகு தொடங்கியது. என் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். அவன் கையால் அதைத் திரும்பத் தள்ளிவிட்டான். மெல்ல முடியாது என்பதால் தள்ளினானா, என்னுடையது என்பதால் தள்ளினானா என்று தெரியாது.

நோன்பு திறந்தோம். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி, துணியை விலக்கி, தலையை அண்ணாந்து கஞ்சியை ஊற்றிக்கொண்டான். வழிந்ததைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

பிறகு வழக்கம்போல் அந்தச் சத்தம் எழுந்தது. பகல் முழுக்கக் காத்திருந்த டப்பி மூடிகள் திறக்கும் சத்தம். டிக், டிக், டிக் என்று பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மழைக்குப் பின் தவளை கத்துகிற மாதிரி. என்னுடையதும் திறந்தது. நான் என் உருண்டையை வைத்துக்கொண்டேன்.

எங்களில் ஒரு மரியாதை உண்டு: டப்பியைத் திறந்தவன் முதலில் பக்கத்தில் இருப்பவனிடம் நீட்ட வேண்டும். பக்கீத் பேச்சு மும்முரத்தில் பார்க்காமல் டப்பியை நீட்டினான். நீட்டின பக்கத்தில் கரார் இருந்தான். பக்கீத் திரும்பிப் பார்த்துவிட்டு நீட்டின கையை அப்படியே நிறுத்திவிட்டான்.

“மன்னிச்சுக்கோ கரார்... பழக்கம்...”

கரார் டப்பிக்குள் விரலை விட்டான். ஒரு சிட்டிகை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து, மூன்று விரலால், பழைய வேகத்தில் உருட்டினான். அத்தனை அழகாக உருட்டுகிறவன் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை. உருட்டி முடித்து, மறு கையால் வாயில் இருந்த துணியை இறக்கினான்.

ஆஸ்பத்திரியில் நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பார்த்ததில்லை. கீழுதடு இருந்த இடத்தில் தைத்து இழுத்த தோல் மட்டும். பற்கள் வெளியே நின்றன. உருண்டையை அதக்கிக்கொள்ள ஓர் இடுக்கு இல்லை. அவன் உருண்டையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவனைப் போல் நிறுத்தினான். தெருவே அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எச்சில் மட்டும் மோவாயில் இறங்கியது.

பிறகு அவன் நகர்ந்து என் பக்கத்தில் வந்தான். என் கையை எடுத்து, விரலைப் பிரித்து, உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

“நீயே வெச்சுக்கோ மச்சான்,” என்றான். குழறலாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு வருடத்தில் என்னிடம் அவன் பேசின முதல் பேச்சு. துணியை ஏற்றிக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அவன் என்னைத் திட்டினானா, மன்னித்தானா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். கேட்டிருக்கலாம். பெருநாள் பிறை தெரிவதற்குள் அவனை அடக்கம் செய்துவிட்டோம்.

அன்று பாயில் நான் எழுந்து சுவரோரமாகப் போய், வாயில் இருந்ததையும் கையில் இருந்ததையும் மண்ணில் போட்டேன். டப்பி மூடிகளின் சத்தம் அன்று இரவு அதன் பிறகு கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கேட்டது.

என் டப்பி ஆற்றுக்குள் கிடக்கிறது. அதை நானே எறிந்தேன். வாசலில் மற்றவர்களைத் தடவுகிற கை இப்போதும் ஓய்வாக இருக்கும்போது என் பையைத்தான் தடவுகிறது. வருகிறவர்கள் பையில் தீப்பெட்டி அகப்பட்டால் பிடுங்குகிறேன். தும்பாக் டப்பி அகப்பட்டால், கீழுதட்டை இழுத்துக் காட்டு என்கிறேன். கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சிரித்துக்கொண்டே காட்டுகிறார்கள். பாதிப் பேருக்கு அங்கே வெள்ளையாக இருக்கிறது.